வலையின் நடு மேலே ஏறிய கதை

"மிஞ்சினதைக் கீழே விட்டவன்..." என்று காத்தமுத்துவின் பெரியப்பா ஏதோ சொல்வார். விட்டவன் கெட்டான் என்றா, பிழைத்தான் என்றா, அதுதான் அவனுக்கு மறந்துவிட்டது. பூச்சியும் புழுவும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. காத்தமுத்து ஒரு சிலந்தி.

அந்தக் காலத்தில் சிலந்தி வலைக்கு நடு என்றால் சரிபாதி நடு. மேலே கிளைக்கும் கீழே செடிக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதன் பாதியில் முடிச்சுப் போட்டு, அங்கிருந்துதான் ஆரங்களை இழுப்பார்கள். பாதியைப் பிசகாமல் கண்டுபிடிக்கிற பிள்ளைக்குத் தனிக் கிளை. பிசகினால் வலையை அவிழ்த்துவிட்டு மறுபடி குஞ்சுகளோடு உட்கார வேண்டும். சோதிக்க நத்தை வாத்தியார் வருவார்.

அன்று காத்தமுத்துவின் மகள் செவந்திக்கு முதல் வலை. அவள் வயிற்றில் இருந்தது ஒரே ஒரு வலைக்கான நூல். இரை எதுவும் அதில் விழுந்து நாளாகிவிட்டது. காத்தமுத்துவோ பகலெல்லாம் காற்று கிழித்த தன் வலையை ஒட்டி ஒட்டி எட்டுக் காலும் ஓய்ந்து கிடந்தான்.

"அப்பா, மேலேருந்து கீழே வரைக்கும் அஞ்சரைச் சாண். பாதி எவ்வளவு?"

"முதல்ல அஞ்சைப் பிரி."

"பிரிய மாட்டேங்குதே. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. ஒண்ணு மிஞ்சுது."

"மிஞ்சினதை ஓரமா வை. அரையைப் பாதியாக்கு."

"கால்."

"ம்..."

ஓரமாக வைத்த ஒன்றைத் திரும்ப எடுத்துப் பங்கு போட வேண்டும் என்று சொல்வதற்குள் அவனுடைய எட்டுக் கண்களில் ஆறு தூங்கிவிட்டன. மற்ற இரண்டும் மரியாதைக்குச் சற்று விழித்திருந்துவிட்டுச் சொக்கின.

விழித்தபோது வலை முடிந்திருந்தது. அளந்து பார்த்தான். மேலே இரண்டேகால். கீழே மூன்றேகால்.

"ஓரமா வைக்கச் சொன்ன ஒண்ணு எங்கம்மா?"

"கீழ்ப் பக்கம் போயிருச்சு. நீங்கதான் திரும்ப எடுக்கச் சொல்லலையே."

"அந்த ஒண்ணுல பாதி அரை. அரையும் காலும் முக்கால். ரெண்டேமுக்கால்ல முடிச்சுப் போட்டிருக்கணும்."

செவந்தி தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். நூல் இல்லை.

அதற்குள் நத்தை வாத்தியார் ஊர்ந்து வந்து சேர்ந்துவிட்டார். கொம்பை மேலும் கீழும் நீட்டிப் பார்த்தார். "நடு மேலே ஏறிக் கிடக்கு. அவிழ்த்துரு."

"அவிழ்த்தா மறுபடி கட்ட நூல் இல்லைங்க ஐயா. பிள்ளை பட்டினி. சொல்லிக் கொடுக்கும்போது நான் தூங்கிட்டேன்" என்றான் காத்தமுத்து.

"தூங்கினது நீ. கணக்கு தூங்கலையே" என்றார் அவர்.

அப்போது வலையின் மேல் பக்கம் ஓர் அந்துப்பூச்சி மாட்டியது. செவந்தி ஏறினாள். கனத்த பின்வயிறு அவளைக் கீழே இழுத்தது. அவள் போய்ச் சேர்வதற்குள் பூச்சி உதறிக்கொண்டு பறந்துவிட்டது. காத்தமுத்து பெருமூச்சு விட்டான். சரிபாதி வலையில் ஆயுள் முழுக்க அவன் ஏறிய ஏற்றம் அது.

திரும்பி நடுவுக்கு வந்தவள், ஏறின களைப்பில் தலையைக் கீழே தொங்கப்போட்டுக் கிடந்தாள். கீழே மூன்றேகால் சாண் அகலத்தில் இன்னொரு பூச்சி விழுந்தது. தலை ஏற்கெனவே அந்தப் பக்கம் பார்த்திருந்ததால் சறுக்கிக்கொண்டே போய்ப் பிடித்துவிட்டாள்.

"இறங்குறது லேசா இருக்குப்பா" என்றாள், வாய் நிறைய.

நத்தை வாத்தியார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பூச்சி பிடிச்சதுக்கெல்லாம் கணக்கு சரியாகாது. விடை தப்பு. நாளைக்கு அவ குஞ்சுகளோட வந்து உட்காரட்டும். இல்லேன்னா இந்த மரத்துல சரிபாதின்னு நான் யாருக்குச் சொல்லித் தர்றது?" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினார்.

செவந்தி மெல்லுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

காத்தமுத்து தன் கிளைக்குப் போனான். அங்கேயும் இடைவெளி அஞ்சரைச் சாண்தான். பாதி இரண்டேமுக்கால் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். பகலெல்லாம் ஒட்டிய வலையை அவிழ்த்துவிட்டு, வயிற்றில் மிஞ்சியிருந்த நூலை இழுத்தான்.

இன்றைக்கும் சிலந்தி வலையில் நடு சற்று மேலே ஏறியிருப்பதும், சிலந்தி தலையைக் கீழே போட்டுக் காத்திருப்பதும் அந்த அந்தியில் தொடங்கியவைதான்: காத்தமுத்து இரண்டேகாலில் முடிச்சுப் போட்டான்.