ஆடு வாய் வைக்காத நொச்சி

அந்தக் காலத்தில் ஆடு மாடு கொக்கு எல்லாம் பேசும்; மழை பிடித்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் மூக்கும் அடைக்கும். தலையில் நீர் கோத்து, புருவத்துக்கு மேலே கல்லைக் கட்டியது போலக் கனக்கும். அப்போது எல்லோரும் ஓடியது வெள்ளாட்டுக் கிடாவிடம்தான். கிடா நொச்சியிலே முற்றின இலையாகப் பார்த்துக் கடித்துப் பறிக்கும். பானையில் கொதிக்கவிட்டு, சாக்கைப் போர்த்தி ஆவி பிடிக்க வைக்கும். மூக்கு திறந்துவிடும்.

"வைத்தியரே, உசுரு வந்துச்சு!" என்பார்கள். கிடா தாடியை நீவிக்கொள்ளும்.

கொக்குக்கு மட்டும் சந்தேகம். "எனக்கும்தான் அடைச்சுது. நான் குளத்துல சும்மா நின்னேன். எனக்கும் சரியாப் போச்சே?"

"மீன் நாத்தத்துல நிக்கிறவனுக்கு மூக்கு திறந்தா என்ன, அடைச்சா என்ன?" என்றது கிடா. கூட்டம் சிரித்தது.

ஓர் ஐப்பசியில் எருமை தன் கன்றைக் கூட்டி வந்தது. "அண்ணே, ஆவி பிடிச்சும் கேக்கலை. காய்ச்சல் அனலாக் கொதிக்குது. கண்ணு வீங்கிருக்கு, பாருங்க."

கிடா பார்த்தது. இது தன் பானைக்கு அடங்காது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. ஆற்றுக்கு அக்கரையில் யானை வைத்தியர் இருக்கிறார், போ என்று சொல்ல வாயெடுத்தது. கொக்கு அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கிடா பேச்சை மாற்றிக்கொண்டது.

"இன்னும் ரெண்டு நாள் ஆவி பிடிக்கட்டும் தாயி. வீக்கம் தானா வத்திரும்."

வற்றவில்லை, பழுத்தது. எருமை கன்றை முதுகில் போட்டுக்கொண்டு ஆற்றை நீந்தியது. யானை சீழை எடுத்து உயிரைக் காப்பாற்றிவிட்டது. ஒரு கண் போனது போனதுதான்.

"முன்னாடியே ஏன் கொண்டு வரலை?" என்று யானை கேட்டதற்கு, "ஆத்துல தண்ணிங்க" என்றதாம் எருமை. கிடாவின் பெயரை எடுக்கவே இல்லை. கொக்கு வந்து இதைச் சொன்னபோது கிடா நிமிரவில்லை. எருமை திட்டியிருந்தாலாவது தாங்கியிருக்கும்.

மழை விட்டதும் கிடா இலை பறிக்கப் போனது. கண் போன பக்கம் கிடா நிற்பது தெரியாமல் கன்று அதன்மேல் மோதிக்கொண்டது.

"யாரு, மாமாவா? மூக்கு இப்ப நல்லாத் திறந்திருக்கு மாமா. எல்லாம் உங்க ஆவிதான்."

இலை வாய்க்கெதிரே ஆடிக்கொண்டிருந்தது. கிடாவுக்கு வாய் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டது.

நொச்சிமேல் ஒரு குற்றமும் இல்லை. அடைத்த மூக்கை அதன் ஆவி இன்றும் சற்று இளக்கும். அதற்குமேல் செய்வதாக அது யாரிடமும் சொன்னதில்லை. கண்டதையெல்லாம் மேய்கிற ஆடு அன்று முதல்தான் நொச்சியைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறது. நாமும் அதனால்தான் கொல்லைக்கு நொச்சியையே வேலியாக நடுகிறோம்.