கொற்றியின் நெஞ்சுக்குள் புகுந்தது

உடும்பும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய காலத்தில், மூச்சு மனிதருக்கு வெளியேதான் இருந்தது. ஆளுக்கொரு மூச்சு. பிடரிக்குப் பின்னால் நின்று, ஒரே சீராக ஊதிக்கொண்டு கூடவே நடந்துவரும். அதன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. கழுத்தில் படும் ஈரம் மட்டும் தெரியும்.

அதற்கு ஓடத் தெரியாது. அதனால் மனிதரும் ஓடுவதில்லை. கொற்றி என்ற பெண்ணின் கணவன் பூதன் ஒருநாள் கரடிக்குப் பயந்து ஓடினான். கரடி பின்தங்கியது, மூச்சும் பின்தங்கிவிட்டது. கொற்றி தேடிப் போனபோது அவன் விழுந்து கிடந்தான். பிந்தி வந்து சேர்ந்த அவனுடைய மூச்சு, புல்லை அசைத்தபடி பிணத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

அதன்பின் அவளுக்கு மகள் நீலி மட்டும்தான். ஒரு கோடைப் பகலில் கொற்றி கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தபோது உடும்பு ஒன்று புதரிலிருந்து தலையை நீட்டியது.

"மலையில் மழை கொட்டிவிட்டது. ஆற்றில் வெள்ளம் வருகிறது. உன் பெண் மணலில் தூங்குகிறாள்."

நடந்தால் போய்ச் சேர முடியாது. கொற்றி திரும்பாமலே, பின்னால் நின்றதிடம் பேசினாள். அதுவரை யாரும் மூச்சிடம் பேசியதில்லை.

"என்னோடு ஓடி வா."

"உன் கால் எவ்வளவு வேகம் போகிறதென்று வெளியிலிருந்து எனக்கு எப்படித் தெரியும்?" என்றது அது. குரல் அவளுடையதைப் போலவே இருந்தது. "உள்ளே விடு. உன் வேகத்துக்குத் தக்கபடி நானும் வேகம் கூட்டுவேன். ஆனால் வந்தபிறகு நீ நில் என்றால் நிற்கமாட்டேன். நான் வெளியே போகிற நாளில் நீயும் இருக்கமாட்டாய்."

கொற்றி ஆற்றுப் பக்கம் பார்த்தாள். வாயைத் திறந்தாள். குளிர்ந்த ஏதோ ஒன்று தொண்டை வழியே இறங்கி, விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு அமர்ந்தது.

அவள் முதல் அடி எடுத்துவைக்கும் முன்பே அது உள்ளே வேகம் கூட்டத் தொடங்கியிருந்தது. ஓடினாள். வெள்ளம் கணுக்காலைத் தொட்ட நேரத்தில் நீலியை வாரியெடுத்து, அவளுடைய மூச்சு பின்தங்காதபடி நடந்தே கரையேறினாள்.

உட்கார்ந்தாள். கால்கள் ஓய்ந்துவிட்டன. நெஞ்சுக்குள் இருந்தது மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"போதும், வந்துவிட்டோம்" என்றாள்.

"நீ ஓடியதில் உள்ளே சேர்ந்த கெட்ட காற்றை யார் வெளியே தள்ளுவது?" என்று அவள் வாயிலிருந்தே பதில் வந்தது.

கொற்றி வாயை இறுக மூடி மூக்கையும் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அது அடங்கிக் கிடந்தது. பிறகு, அவள் கைகளை அவளையே விலக்க வைத்தது.

நீலி தாயின் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். "அம்மா," என்றாள் மெதுவாக, "என் பின்னால் நிற்பதும் உள்ளே வரட்டுமா என்று கேட்கிறது."

மனிதருக்கு ஓடி நின்ற பிறகும் மூச்சிரைப்பது அந்த நாளிலிருந்துதான். எவ்வளவு அடக்கினாலும், உள்ளே இருப்பது சிறிது நேரம்தான் பொறுத்துக்கொள்கிறது.