உப்பு போட்டாச்சு

கற்பூரத்தை உள்ளங்கையில் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் பல்லெல்லாம் கொட்டிப்போகட்டும். கொட்டுவதற்கு ரெண்டுதானே மிச்சம் என்று சிரிக்காதீர்கள். ரெண்டும் எனக்கு வேண்டியவை.

ஊசிக்குன்றின் அடிவாரத்தில் ஒரு மடம். வருகிறவர்களுக்கெல்லாம் மத்தியானச் சோறு உண்டு. அங்கே சாம்பார் அண்டா எவ்வளவு பெரிசு என்றால், தேய்த்துக் கழுவ உள்ளே இறங்கியவர் ஏறி வருவதற்குள் தாடி வளர்ந்துவிடும். ஒரு கரையில் நிற்கிறவளுக்கு மறுகரையில் நிற்கிறவள் தெரியமாட்டாள். நடுவில் புகை.

அந்த மடைப்பள்ளியில், சாமிக்குப் படைத்து முடியும்வரை எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. அதனால் ஒரு வழக்கம். உப்பு போடுகிறவள் "உப்பு போட்டாச்சு" என்று கத்துவாள். மறுகரைக்காரி "கேட்டாச்சு" என்று கத்துவாள். அது வரும்வரை இவள் விடமாட்டாள்.

மடத்துக்குப் பெரியவர் அரைக்கண் சாமி. கண் பாதிதான் திறந்திருக்கும். மீதியைத் திறக்க அவருக்கு அலுப்பு. நிர்வாகமெல்லாம் சீடர் வைரவத் தம்பிரான் கையில். ஐம்பதைத் தாண்டிய நல்ல மனுஷன். சித்திரை மாதத்திலிருந்து பாலும் பழமும் மட்டுமே என்று விரதம்.

தம்பிரானுக்கு அந்தக் கத்தல் பிடிக்கவில்லை. அடுப்படியிலும் பந்தியிலும் பேச்சு கூடாது என்று சட்டம் போட்டார். யாராவது வாயெடுத்தால் உதட்டில் விரலை வைப்பார். பேச்சே இல்லாமல் போய்விடக் கூடாது என்று, காலையில் சமையல்காரப் பெண்களை வரிசையாக நிறுத்தி மைக்கில் அவரே பேசினார். சோர்வெல்லாம் மனசில்தான் இருக்கிறது என்பார். உற்சாகமாக இருங்கள் என்பார். அவர் முடிப்பதற்குள் கூவின கோழி மறுபடி ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடும்.

ஆவணி வந்தது. பந்தியில் பாதி இலைக்கு ஆள் இல்லை. வெயில் காரணம் என்று நினைத்தார் தம்பிரான். பெண்களின் கை ஓயத் தொடங்கியது. உற்சாகம் குறைந்துவிட்டது என்று பேச்சை இன்னும் நீட்டினார்.

ஒரு நாள் காலை எல்லாரும் துணிமூட்டையோடு வந்து வரிசையில் நின்றார்கள். மறுநாள் குருபூசை. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் திரண்டு வரும்.

அடுப்படிக்கு மூத்தவளான உலகம்மா சொன்னாள். "மத்தியானப் பந்தியோட போறோம் சாமி."

தம்பிரானின் விரல் பழக்கத்தில் உதட்டுக்குப் போயிற்று.

"அதான் போறோம்" என்றாள் அவள்.

அரைக்கண் சாமி இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது தம்பிரான் ஓடிவந்தார்.

"சாமி, அடுப்படி ஆளெல்லாம் கிளம்புறாங்க. தினமும் எவ்வளவோ சொல்றேன், மனசுல ஏற மாட்டேங்குது. நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும். நாளைக்கு யார் சமைப்பா?"

"உட்காரு. சாப்பிடு."

"விரதம் சாமி."

"அதையும் சேர்த்துச் சாப்பிடு."

தட்ட முடியாமல் ஒரு கவளம் வாயில் வைத்தார். கடல் உள்ளே இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரில் உப்பு குறைவு.

"சாமி, இது என்ன இது?"

"சாம்பார். இன்னிக்குப் பரவாயில்ல. நேத்து உப்பே இல்ல."

"எத்தனை நாளா இப்படி?"

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றார் சாமி.

தம்பிரான் பாதியில் எழுந்தார். வெளியே மடத்து மாடு எச்சில் இலையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தொட்டி காய்ந்து கிடந்தது. அதற்கு முன்னால் போன மாடுகள் குடித்துவிட்டிருந்தன.

அடுப்படியில் மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தம்பிரான் தொண்டையைச் செருமினார்.

"பேசிறாதீங்க சாமி, இருக்கிற தெம்பும் போயிரும்" என்றாள் உலகம்மா.

"பேசல. நீ சொல்லு" என்று அவர் தரையில் உட்கார்ந்தார்.

அவள் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற செல்லக்கனிதான் ஆரம்பித்தாள். "அவ போட்டிருப்பான்னு நான் விட்டுருவேன், நான் போட்டிருப்பேன்னு அவ விட்டுருவா. இல்லேன்னா ரெண்டு பேரும் போட்டுருவோம். கேக்கலாம்னா வாயத் திறக்கக் கூடாது."

பிறகு உலகம்மா சொன்னாள். இலையில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்துபோகிறவர்களின் முகத்தைச் சொன்னாள். புகைபோக்கியில் குளவி கூடுகட்டி அடைத்திருப்பதைச் சொன்னாள். "இந்தக் கையி செத்துப்போச்சுன்னு எங்க தெருவுல பேசுறாங்க சாமி. வேலை அலுப்பில்ல. யாருக்குமே சொல்ல முடியாம அலுத்துப்போச்சு."

தம்பிரானுக்கு ஒவ்வொன்றுக்கும் பதில் நுனிநாக்கில் வந்தது. நாக்கில் உப்பு இன்னும் கரித்தது. வாயை மூடிக்கொண்டார். வெயில் தாழும்வரை அவர்கள் பேசினார்கள். கடைசியில் அவரே ஏணி வைத்து ஏறி, குளவியிடம் ரெண்டு கொட்டு வாங்கிக்கொண்டு, புகைபோக்கியைத் திறந்துவிட்டார்.

உலகம்மா மூட்டையைக் கீழே வைத்தாள். குருபூசைக்கான புளிக்காய்ச்சல் அடுப்பேறியது. கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் வந்தது, ரொம்ப நாள் திறக்காத கதவு மாதிரி.

"உப்பு போட்டாச்சு."

பதில் இல்லை. எல்லாருக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"உப்பு போட்டாச்சு."

வாசலிலிருந்து தம்பிரான் கத்தினார். "கேட்டாச்சு."

விளக்கேற்றும் நேரத்துக்கு வீங்கின நெற்றியோடு அவர் சாமியிடம் வந்தார்.

"இருக்கோம்னுட்டாங்க சாமி."

"ம்."

"ஆனா ஒண்ணு மனசுல உறுத்துது. இத்தனை நாள் அந்தச் சோற்றைச் சாப்பிட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

சாமி பாதிக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

"சொல்லத்தான் தினமும் காலையில வந்தேன். நீ பேசிக்கிட்டிருந்தே. முடிக்கட்டும்னு நின்னேன்."



இவ்வளவுதான் நடந்தது. நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். நாளைக்கும் எனக்கு அந்தப் பந்தியில்தான் இலை.