உறங்குநீர்

நாவற்குளத்துப் பிராணிகள் தாகத்தைத் தொலைத்துவிட்டன. வந்த வினை அத்தனையும் அதனால்தான்.

குளம் வற்றிய கோடை அது. வற்றினால் என்ன செய்வது என்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாருக்குத் தொண்டை அதிகம் காய்கிறதோ, அது முன்னால் போக வேண்டும். அதன் முகம் திரும்பிய பக்கம் மற்றதெல்லாம் தோண்ட வேண்டும். ஊற்று எப்படியும் கிடைத்துவிடும்.

அந்த வருஷம் தேரை குறுக்கே விழுந்தது.

"தோண்டுவதாம், தோண்டுவது! புற்றுக்குக் கீழே அடியுலகம் இருக்கிறது. அங்கே உறங்குநீர் சொட்டுகிறது. ஒரு வாய் குடித்தால் ஆயுசுக்கும் தாகம் எடுக்காது. எங்கள் தாத்தனுக்குத் தாத்தன் சொன்னது!"

"அவர் குடித்துப் பார்த்தாரா?" என்று கேட்டது செவத்தி என்ற நண்டு.

"குடிக்கப் போனவர் யாருமே திரும்பவில்லை, நண்டக்கா! அவ்வளவு சுகம்!"

செவத்திக்கு அரை நம்பிக்கைதான். ஆனால் அதன் வயிற்று மடிப்புக்குள் நூறு குஞ்சுகள். ஈரம் கேட்டு ஓயாமல் சுரண்டிக்கொண்டிருந்தன. சரி என்று மற்றவற்றோடு சேர்ந்து கிளம்பியது. நத்தை கடைசியாக ஊர்ந்தது.

புற்றுக்குள் இறங்க இறங்கக் குளிர்ந்தது. வேர்கள் தலைகீழ்க் காடாகத் தொங்கின. காளான்கள் நீலமாக ஒளிர்ந்தன. சத்தமே இல்லை. ஒரே ஒரு வேர் நுனியிலிருந்து மட்டும் ஏதோ சொட்டியது. கீழே கல்குழியில் பால் மாதிரி தேங்கிக் கிடந்தது.

வந்து சேர்ந்தவை எல்லாம் குடித்தன.

அடேயப்பா! செவத்தியின் தலைக்குள் மழை பெய்தது. குளம் நிரம்பியது. அல்லி பூத்தது. அல்லிக்கு நடுவே செவத்தி மிதந்தது.

"தாகம் எடுக்கிறதா, அக்கா?" தேரை படுத்தபடியே கேட்டது.

"இல்லவே இல்லை!"

"தோண்டலாமா?"

"எதற்கு?"

நாட்கள் போயின. எத்தனை நாள் என்று யார் கண்டது? தேரையின் தோல் சருகாக வெடித்தது. செவத்தியின் ஓடு வெளுத்தது. ஒன்றும் வலிக்கவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டே இருந்தது.

திடீரென்று செவத்திக்கு உறைத்தது. வயிற்றில் சுரண்டலைக் காணோம்!

மடிப்பைத் திறந்து பார்த்தது. குஞ்சுகள் காய்ந்த கடுகு போல ஒட்டிக் கிடந்தன. ஒன்றிரண்டுதான் கால் அசைத்தன.

"தேரையாரே! தண்ணீர் வேண்டும்! எந்தப் பக்கம் தோண்டட்டும்?"

"எதற்குத் தோண்டுகிறாய்? மழைதான் கொட்டுகிறதே!"

செவத்தி இப்படித் திரும்பியது. அப்படித் திரும்பியது. எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. தாகம் இருந்தால்தானே இழுக்கும்?

அப்போது மூச்சு வாங்க வந்து சேர்ந்தது நத்தை. எல்லோரோடும் கிளம்பியதுதான். இப்போதுதான் வருகிறது.

"தள்ளு, தள்ளு! என் பங்கு எங்கே?"

"தீர்ந்துவிட்டது. வேரும் காய்ந்துவிட்டது."

"பாவிகளா! வீட்டையே சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். ஒரு சொட்டு வைக்கக்கூடாதா?"

"உனக்குத் தாகமா?" என்று கேட்டது செவத்தி.

"கேள்வியைப் பார்! செத்துக்கொண்டிருக்கிறேன்!"

"நல்லது! ஏறு என் முதுகில்!"

"இதில் என்னடி நல்லது?"

ஏறியது. கொம்புகள் இரண்டும் தாமாகவே இடப்பக்கம் சாய்ந்தன.

"இங்கே தோண்டு! கீழே! இன்னும் கீழே! கல்லைச் சுற்றிப் போடி, குருடி!"

செவத்தி தோண்டியது. ஒரு கொடுக்கு முறிந்தது. மிச்சமிருந்த கொடுக்கால் தோண்டியது. மண் கறுத்தது. பிசுபிசுத்தது. குபுக்கென்று ஊற்று பொங்கியது.

செவத்தி தண்ணீரில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு வயிற்றில் ஒரு சுரண்டல். இன்னொன்று. அப்புறம் தாங்க முடியாத சுரண்டல்!

தண்ணீர் பட்டு மற்றவை ஒவ்வொன்றாக விழித்தன. தேரையும் விழித்தது. "ஐயோ, மழை நின்றுவிட்டதே!" என்று அழுதது. பிறகு தொண்டை காய்வது தெரிந்து, வாயை மூடிக்கொண்டு குடித்தது.

தாகத்தை மறக்கடிப்பதெல்லாம் தண்ணீர் ஆகாது. அன்று அத்தனை பேருக்கும் தண்ணீர் காட்டியது, ஒரு சொட்டும் கிடைக்காமல் திட்டிக்கொண்டே வந்த அந்த நத்தை.