தாளாளரின் வியாழக்கிழமை

வியாழக்கிழமை வந்தால் பள்ளித் தாளாளர் பூவலிங்கத்துக்கு மௌன விரதம். விரதம் வாய்க்குத்தான், அதிகாரத்துக்கு இல்லை. அவர் சிலேட்டில் எழுதிக் காட்டுவார்; குமாஸ்தா செண்பகம் அதை உரக்கப் படிப்பார்; பள்ளிக்கூடமே நடுங்கிக்கொண்டு ஓடும்.

அப்படி ஒரு வியாழனன்று ஆவுடை தன் அம்மாவோடு ஒன்பதாம் வகுப்பில் சேர வந்தாள். ஆவுடைக்கு ஆட்டிசம், பேச்சு வராது. மடியில் ஒரு எழுத்துப் பலகையை வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தொட்டுத்தான் பேசுவாள். ஏற்கெனவே இரண்டு பள்ளிகள் கையை விரித்துவிட்டன.

தாளாளர் பலகையை ஏற இறங்கப் பார்த்தார். சிலேட்டை எடுத்து எழுதினார். செண்பகம் படித்தார்: "வாயிலிருந்து வருவதுதான் பேச்சு. மற்றதெல்லாம் விளையாட்டு. பலகையை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் இடம் உண்டு."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆவுடையோ சுழலும் மின்விசிறியைக் கொஞ்ச நேரம் ரசித்தாள். பிறகு குனிந்து, நிதானமாக எழுத்துகளைத் தொட்டாள். எழுதிக் காட்டினால் படித்தே பழகிய செண்பகம், அதையும் தன்னையறியாமல் உரக்கப் படித்துவிட்டார்:

"ஐயா இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே. வாயால் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்."

தாளாளர் சொல்ல வாயைத் திறந்தார். விரதம் நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். செண்பகம் ஜன்னல் பக்கம் திரும்பி இருமுவதுபோல் பாவனை செய்தார்.

கடைசியில் தாளாளர் சிலேட்டைத் துடைத்துவிட்டு, சின்ன எழுத்தில் எழுதினார்: "பலகையோடு வரலாம்."

ஆவுடையின் விரல் மறுபடி நகர்ந்தது. செண்பகம் படித்தார்:

"இப்போது நன்றாகக் காதில் விழுந்தது, ஐயா."