வேலாயியின் கல்தளமும் இரண்டு யானைகளும்

சங்கணிக் காட்டில் ஒரு குளம். குளத்தங்கரையில் ஒரு கல்தளம். அந்தக் கல்தளத்தைப் போட்டது வேலாயி என்கிற முள்ளம்பன்றி.

சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு தளத்தைச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் காட்டிலும் பார்க்க முடியாது. இருநூற்றுப் பன்னிரண்டு கற்கள். எல்லாம் ஓடைக்கரையில் கிடந்த மணற்கல் பலகைகள். வேலாயியும் அவள் உறவுக்காரர்களும் எட்டுக் கோடைகாலம் மூக்காலும் தோளாலும் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து பதித்தவை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடுக்கு விட்டு, ஆற்று மணலைக் கொட்டி, மிதித்து இறுக்கியிருந்தாள். எந்தக் கல் எங்கே கிடந்தது, யார் தள்ளியது, எது வழியில் அவள் காலில் விழுந்தது என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். யாராவது தளத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் போதும், முதுகு முள்ளெல்லாம் கலகலவென்று எழுந்து நிற்கும்.

கோடையில் பக்கத்துக் காடுகள் காய்ந்துபோகும். அங்கே உள்ள மான்களும் காட்டெருமைகளும் தண்ணீர் குடிக்கச் சங்கணிக் குளத்துக்குத்தான் விருந்தாளிகளாக வரும். தளம் போடுவதற்கு முன்னால் கரை முழுக்கச் சேறு. எத்தனையோ கன்றுகள் அதில் மாட்டித் தவித்திருக்கின்றன. தளம் வந்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆனால் மழைக்காலத்தில் கல்லின்மேல் பாசி படர்ந்துவிடும். அதை வருஷா வருஷம் வேலாயி நகத்தால் சுரண்டித்தான் எடுப்பாள். போன வருஷம் பாதியோடு கை ஓய்ந்துவிட்டது. விருந்துக்கு வந்த ஒரு புள்ளிமான் வழுக்கி விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டது.

காட்டுக் கூட்டத்தில் ஒரே ரகளை. கடைசியில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். இந்த வருஷம் ஒரே ஒரு கால் வழுக்கினாலும் தளத்தைப் பெயர்த்துக் குளத்தில் போட்டுவிடுவதாம். பழைய சேறே தேவலையாம்.

வேலாயிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு வருஷ உழைப்பாயிற்றே!

விருந்தாளிகள் வர ஐந்து நாள் இருந்தது. நகம் இனிமேல் உதவாது, தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத்தான் பாசியை எடுக்க வேண்டும் என்று வேலாயி முடிவு செய்தாள். அதற்கு யானையை விட்டால் வேறு யார்? வாலன் என்கிற கரிச்சான் குருவியைக் கூப்பிட்டு, தளம் கழுவ ஒரு யானை வேண்டும் என்று காடெல்லாம் சொல்லிவரச் சொன்னாள்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் மேற்கு மலையில் இருந்து வந்த கொம்பன். பேர் பேரிடியான். பேருக்கு ஏற்ற ஆள்தான். மற்றவள் அல்லி. பக்கத்து மூங்கில் காட்டில் தன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும் பெண் யானை.

இருவரில் ஒருவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? வேலாயி ஒரு போட்டி வைத்தாள். குளக்கரைப் பலாமரத்தின் உச்சியில் ஒரு பழம் தொங்கியது. யார் தண்ணீர் அடித்து அதை விழவைக்கிறார்களோ அவர்களுக்குத்தான் வேலை. காடே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது.

பேரிடியான் குளத்துத் தண்ணீரைத் துதிக்கை நிறைய உறிஞ்சி, கண்ணை மூடி, ஒரே அடி அடித்தான். பழம் மட்டுமா விழுந்தது? பழம் தொங்கிய கிளையும் முறிந்தது, மரப்பட்டை ஒரு முழத்துக்கு உரிந்து தொங்கியது. கூட்டம் ஆவென்று வாயைப் பிளந்தது.

அல்லி மரத்தைப் பார்க்கவே இல்லை. தளத்தைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாம மரத்தையா கழுவப்போறோம்? ஓரத்துல உதவாத கல்லு ஒண்ணு இருந்தா காட்டுங்க. அதுல அடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

வேலாயிக்குச் சுருக்கென்றது. தன் தளத்தில் உதவாத கல் என்று ஒன்று இருப்பதாகச் சொல்கிறாளே இந்த யானை! முதலில் பலத்தைக் காட்டட்டும், கல்லை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள். அல்லியும் அடித்தாள். தண்ணீர் விசிறிபோல விரிந்து, மரத்தின் பாதி உயரத்தைக்கூடத் தொடாமல் பொலபொலவென்று விழுந்தது. கூட்டம் சிரித்தது. "எங்க வாழைக்கொல்லைக்குத் தண்ணி தெளிக்க வர்றியா?" என்று வாலன் கேலி பண்ணினான். அல்லி மூங்கில் காட்டுக்குத் திரும்பினாள்.

இப்பேர்ப்பட்ட தளத்துக்கு இப்பேர்ப்பட்ட யானைதான் பொருத்தம் என்று வேலாயிக்கு ஒரே பெருமை. மறுநாள் காலையிலேயே பேரிடியான் வேலையைத் தொடங்கினான். கல்லுக்கு ஒரு சாண் உயரத்தில் துதிக்கையை நிறுத்தி, செங்குத்தாக ஒரே அடி. பாசி தெறித்துப் பறந்தது. மத்தியானத்துக்குள் பாதித் தளம் பளபளவென்று ஆகிவிட்டது. வேலாயி எதிரே வந்தவர்களை எல்லாம் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஆசையாக அதில் நடந்து பார்த்தாள். முதல் கல் ஆடியது. அடுத்ததும் ஆடியது. அடுத்தது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, அவளைக் கீழே தள்ளியே விட்டது.

குனிந்து பார்த்தாள். இடுக்கில் மணலே இல்லை. பாசியோடு சேர்ந்து மணலும் குளத்துக்குப் போய்விட்டது. மணற்கல் மென்மையான கல். பேரிடியான் அடித்த அடியில் கல்லெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகுழியாக அரித்திருந்தது. அடுத்த மழைக்கு அந்தக் குழிகளில் பாசி இரண்டு மடங்கு ஏறும்.

வேலாயி நடுத்தளத்தில் உட்கார்ந்து அழுதாள். ஒரு கால் வழுக்கினாலே தளம் போய்விடும் என்றார்கள், இப்போது தளத்தில் வைக்கிற ஒவ்வொரு காலும் விழும்போல இருந்தது. பிறகு கோபம் வந்து பேரிடியானைத் தேடிப்போனாள். இப்படியா அடிப்பது என்று தாறுமாறாகக் கத்தினாள்.

பேரிடியான் கரும்பை வாயில் இருந்து எடுத்தான். "நீங்க பலத்தைத்தானம்மா கேட்டீங்க? இருந்ததைக் குடுத்தேன். பதமா அடிக்கணும்னு யாரும் சொல்லலையே" என்றான்.

அவன் சொன்னது சரி என்பதுதான் வேலாயியைக் குத்தியது. போட்டி வைத்தது யார்? மரத்தைக் காட்டியது யார்? ஓரத்தில் ஒரு கல்லைக் காட்டுங்கள் என்று கேட்டவளைத் துரத்தியது யார்?

விடிந்ததும் மூங்கில் காட்டுக்குப் போனாள். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அல்லியின் முன்னால் நின்று, முள்ளையெல்லாம் படுக்கவைத்துக்கொண்டு, "தப்பு என்னுது அல்லி. என் தளத்தைக் காப்பாத்திக் குடு" என்றாள்.

அல்லி பழசைக் கிளறவில்லை. உடனே வந்தாள். வந்ததும் முதல் வேலையாக ஓரத்துக் கல் ஒன்றில் மெல்ல அடித்துப் பார்த்தாள். பிறகு இரண்டடி பின்னால் தள்ளி நின்று அடித்தாள். இன்னும் இரண்டடி தள்ளி நின்று, துதிக்கை நுனியைக் குவிக்காமல் விரித்து, சாய்வாக அடித்தாள். அந்த அடியில் பாசி தோல் உரிகிற மாதிரிச் சுருண்டு வந்தது. கல் அப்படியே இருந்தது. மணலும் இடுக்கை விட்டு நகரவில்லை. அந்த அளவை வைத்துக்கொண்டு மீதிப் பாதியை இரண்டு நாளில் அடித்து முடித்தாள்.

சரி, குழிவிழுந்த பாதியை என்ன செய்வது? அங்கேதான் வேலாயி யார் என்று தெரிந்தது. தன் கல்லின் அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பதித்த நாளில் இருந்து வெயிலும் மழையும் படாமல், புத்தம் புதிதாக இருக்கும். எல்லாவற்றையும் புரட்டிப்போட வேண்டியதுதான் என்றாள். ஆனால் ஒரு கல்லைப் புரட்டவே நான்கு முள்ளம்பன்றிகள் முக்கவேண்டும். நூற்றுச் சொச்சம் கற்களை யார் புரட்டுவது?

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்ற பேரிடியானைக் கூப்பிட்டாள். அவன் ஒற்றைத் துதிக்கையால் கல்லைத் தூக்கித் தோசை திருப்புகிற மாதிரித் திருப்பிவைத்தான். பின்னாலேயே வேலாயி கூட்டம் ஆற்று மணலைக் கொட்டி மிதித்துக்கொண்டு வந்தது. ஐந்தாம் நாள் பொழுது விடியும்போது கடைசி இடுக்கும் அடைந்தது.

விருந்தாளிகள் வந்தார்கள். முன்னால் வந்தது போன வருஷம் விழுந்த அதே புள்ளிமான். இன்னும் லேசாக நொண்டியது. தளத்தின் ஓரம் வந்ததும் நின்றுவிட்டது. காடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மான் ஒரு காலை வைத்தது. அழுத்திப் பார்த்தது. இன்னொரு காலை வைத்தது. நடந்து போய்த் தண்ணீர் குடித்தது. திரும்பி வரும்போது நடக்கவில்லை, நொண்டிக் காலோடு துள்ளிக்கொண்டே வந்தது.

அதன் பின்னால் காட்டெருமைக் கூட்டம் திமுதிமுவென்று இறங்கியது. ஒரு கல்கூட அசையவில்லை. எங்கள் காட்டிலும் இப்படி ஒன்று வேண்டும், இதைக் கழுவியது யார் என்று காட்டெருமைத் தலைவன் கேட்டான்.

வேலாயியின் முள்ளெல்லாம் கலகலவென்று எழுந்தன. "கழுவினது அல்லி. கல்லைத் திருப்பினது பேரிடியான். ஆளைத் தப்பாத் தேர்ந்தெடுத்துட்டு அப்புறம் திருத்திக்கிட்டது நான்" என்று எல்லார் முன்னாலும் தலை நிமிர்ந்து சொன்னாள்.

பிள்ளைகளே, பெரியவர்களே, ஒரு வேலைக்கு ஆளைத் தேடும்போது அவனிடம் எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த வேலை எவ்வளவு பலத்தைத் தாங்கும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.