பசை காயாத பகல்

கோவையில் தகரக் கூரை போட்ட பைண்டிங் பட்டறை ஒன்றில் புத்தகங்களுக்குப் பசை தடவிப் பிழைத்தவர் பாவாத்தாள் அம்மையார். அவருக்குத் தம் பெயரை எழுதத் தெரியும், எண்கள் தெரியும். அதற்குமேல் எழுத்துக் கூட்டினால் நெற்றி வியர்த்துவிடும். அவர் கைபட்டுப் போன புத்தகங்களோ பெரிய படிப்பாளிகளையே மூச்சு முட்ட வைப்பவை. பழஞ்செய்யுள் ஆராய்ச்சி, செடிகொடிகளின் இயல், இயந்திரங்களின் விசைக் கணக்கு, கம்ப்யூட்டருக்கு ஆணை எழுதும் முறை என்று கல்லூரிகளுக்குப் போகும் கனத்த நூல்களைத்தான் முதலாளி ராக்கியப்பன் வேலைக்கு எடுப்பார்.

காலையில் மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து, பசையைக் கிண்டி இறக்குவார் அம்மையார். பிறகு பேரூர்ப் பட்டீசர் கோயில் இருக்கும் திசையை நோக்கிக் கும்பிட்டுவிட்டு உட்காருவார். ஒரு தாள் ஒட்டினால் ஒரு ‘சிவசிவ’. ஐந்நூறு தாள் ஒட்டினால் ஐந்நூறு. கோயிலுக்கு நடக்க நேரமும் பூ வாங்கக் காசும் இல்லாதவர் கண்டுகொண்ட பூசை அது. எனக்குத் தெரிந்த பல பணக்காரப் பூசைகளைவிட இது சுத்தமானது.

கூட வேலை செய்த துளசிமணி கேலிக்காரி. “ஏனக்கா, செய்யுள் பொஸ்தகத்துல சாமி இருக்குதுன்னா சரி. இந்தக் கம்ப்யூட்டர் பொஸ்தகத்துல எந்தச் சாமி உக்காந்திருக்குது?” என்பாள்.

“அதைப் படிக்கிற புள்ளையோட புத்தியில உக்காந்திருக்கறாரு. நீ தாளை மடி கண்ணு” என்பார் அம்மையார்.

அவர் பட்டறைக்கு வந்ததே ஒரு பெருந்துயரத்தால்தான். மூலனூர்ப் பக்கம் தோட்டக் கூலியாக இருந்தபோது, வரப்போரம் தோண்டிப் போட்டிருந்த நச்சுக் கண்வலிக் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவருடைய ஐந்து வயது மகன் கடித்துவிட்டான். இரண்டு நாள் துடித்து அடங்கினான் பிள்ளை. நீ கும்பிட்ட சாமி எங்கே போச்சு என்று ஊர் கேட்டது. அவர் ஊரை விட்டார், சாமியை விடவில்லை.

ஒரு சித்திரை மாதம் மலைக்காட்டுக் கிழங்குகளைப் பற்றிய நூல் ஒன்று பட்டறைக்கு வந்தது. இருநூறு பிரதிகள். பாதி கல்லூரிகளுக்கு, பாதி மலையூர்களில் வேலை செய்யும் மருத்துவ ஊழியர்களுக்கு. வண்ணப் படங்கள் அச்சிலிருந்து தாமதமாக வந்ததால், அட்டை போட்டு முடித்த புத்தகங்களில் கடைசியாக ஒட்ட வேண்டியதாயிற்று. மாலை ஐந்து மணிக்கு வேன் வந்துவிடும்.

படத்துக்கு ஒரு கட்டு, கட்டின்மேல் எண் எழுதிய சீட்டு. ஆறும் ஒன்பதும் குழம்பாமலிருக்க அவற்றின் அடியில் கோடு இழுப்பது தொழில் வழக்கம். அன்று சீட்டுகளை வெட்டியபோது அந்தக் கோடுகள் இரண்டும் துண்டாகிப் போயிருந்தன. அம்மையார் கட்டுகளை எடுத்து வைத்தபோது சீட்டுகள் தலைகீழாகிவிட்டன. ஆறு ஒன்பதாயிற்று, ஒன்பது ஆறாயிற்று. படத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் கண் பசையின் ஓரத்திலும் நெஞ்சு சிவநாமத்திலும் இருந்தன. அடியார் கதை என்பதற்காக இதை மறைக்க நான் தயாராக இல்லை. அன்று அவர் பக்தியே அவர் கண்ணை மறைத்தது.

உச்சிப் பொழுதில் வேலை முடிந்தது. மிஞ்சிய படத்தாள் ஒன்று மேசையில் மல்லாந்து கிடந்தது. கலப்பைபோல் இரண்டாகக் கவைத்த கண்வலிக் கிழங்கு. அதை உலகத்தில் வேறு யாரும் மறக்கலாம், அவரால் முடியுமா? புத்தகத்தைப் பிரித்து, அந்தப் படத்துக்கு எதிர்ப் பக்கத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டினார். வேகவைத்து உண்ணலாம் என்றிருந்தது.

யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. அவர் நேரே முதலாளியிடம் போனார்.

“தப்புப் பண்ணிப்போட்டனுங்க. ஆறாம் படமும் ஒம்பதாம் படமும் எல்லாத்துலயும் மாறிப்போச்சுங்க.”

ராக்கியப்பன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். முகம் கறுத்தது. “சிவசிவான்னு சொல்லிக்கிட்டே வெசத்தை ஒட்டி வெச்சிருக்கறே. நல்லாருக்குது உன்ற பக்தி.”

பிறகு அவரே யோசித்துச் சொன்னார். “போகுது. திருத்தம்னு ஒரு சீட்டு அடிச்சு உள்ள சொருகிக்கலாம்.”

“சீட்டு உழுந்துபோச்சுன்னா என்னங்க பண்றது? நான் பிரிச்சு ஒட்டிப்போடறனுங்க.”

“நானூறு தாளு. இந்த வெயில்ல பசை இறுகிப்போயிருக்கும். மிச்சப் படம் பத்துகூட இல்லை. ஒண்ணு கிழிஞ்சாலும் நாளையிலிருந்து நீ இங்க வர வேண்டாம்.”

அம்மையார் தாள் பிரிக்கும் மெல்லிய மூங்கில் சிம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசியாக ஒட்டிய புத்தகங்களில் பசை இன்னும் பச்சையாக இருந்தது. சிம்பை ஓரத்தில் நுழைத்து இழுத்தால் தாள் மெல்லக் கழன்று வந்தது. இருபது, முப்பது என்று போயிற்று. காற்றில் பசை இறுகும் என்று மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். கொட்டகை அடுப்பாகக் கொதித்தது. துளசிமணியும் கேலியை மறந்து, கழன்ற தாளை மாற்றி ஒட்ட உட்கார்ந்தாள்.

நாற்பது முடிந்து அடுத்த புத்தகத்தில் தாள் பிடித்துக்கொண்டது. சிம்பை நுழைத்தபோது நார் பிரியும் சத்தம் கேட்டது. அம்மையார் கையை எடுத்துவிட்டார். மணி இரண்டரை. இன்னும் நூற்றறுபது புத்தகங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் சாவு ஒட்டியிருந்தது. அவர் பேரூர்த் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

“பட்டீசா, என்ற புள்ளை போனப்பக்கூட உன்னை ஒண்ணும் கேக்கலை. என்னைக் காப்பாத்துன்னு இப்பவும் கேக்கலை. இந்தப் பசைக்கு ஈரத்தைக் குடு, போதும்” என்றார்.

தகரத்தின்மேல் சடசடவென்று விழுந்தது மழை. சன்னல் வழியே ஈரக்காற்று புகுந்து அடுக்குகளின்மேல் படிந்தது. தாள்கள் நெகிழ்ந்தன. சற்று முன் முரண்டு பிடித்த தாளை அம்மையார் தொட்டுப் பார்த்தார். அது கழன்று கையோடு வந்தது.

வேனைச் சற்றுத் தாமதமாக வரச் சொல்லலாம் என்று போன் பேச ராக்கியப்பன் குடையோடு தெருமுனை டீக்கடைக்குப் போனார். பட்டறை வாசலைத் தாண்டியதும் குடைக்கு வேலை இல்லை. தெருவில் புழுதி பறந்தது. டீக்கடைக்காரர், “என்னங்க மொதலாளி, இந்த வெயிலுக்கு இப்படி நனைஞ்ச கொடையா?” என்று கேட்டார். ராக்கியப்பன் திரும்பிப் பார்த்தார். அவருடைய பட்டறையின் கூரையில் மட்டும் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கோடை மழை அப்படித்தான் ஓரிடத்தில் பெய்யும் என்பார் சிலர். சொல்லிக்கொள்ளட்டும்.

அவர் போன் பேசாமலே திரும்பி வந்து செருப்பை வாசலிலேயே கழற்றினார். இருபது ஆண்டுகளாக நாற்காலியைவிட்டு இறங்காத மனிதர், ஈரத் தரையில் அம்மையாருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“எப்படிப் பிரிக்கோணும்னு சொல்லிக் குடுங்கம்மா” என்றார்.

ஐந்து மணிக்கு வேன் வந்தது. இருநூறு புத்தகங்களும் ஏறின. ஒரு தாளும் கிழியவில்லை, மலையில் ஒரு பிள்ளையும் சாகவில்லை. ஒருவரும் காணாத தம் பிழையைத் தாமே போய்ச் சொன்ன பாவாத்தாள் அம்மையாருக்கு நம் வணக்கம் உரியதாகுக.